குமரியைப் படமெடுக்க ட்ரோன் இல்லாமல் முடியாதா? (விவாத இழை)

2025 பிப்ரவரி 3 – மார்த்தாண்டத்து வாசகர் ஒருவர் கேட்டது

"கன்னியாகுமரியைத் தரையில் நின்று எடுக்க இனி ஒன்றும் மிச்சமில்லை. பாறை, சிலை, சூரியன் என்று எல்லாரிடமும் அதே படம். ட்ரோன் வாங்கினால்தான் புதிதாக ஏதாவது கிடைக்கும். நாகர்கோவிலுக்கு ஸ்கைலைன் (வானக்கோடு) என்றே ஒன்று கிடையாது. மறுப்பவர்கள் மறுக்கலாம்."

பிப்ரவரி 3, இரவு

மறுக்கிறேன். எனக்கு ட்ரோன் மேல் கோபம் கிடையாது, என் அலமாரியிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் வள்ளுவரையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 133 அடி. பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்காக. அதன்மேல் நிற்கும் சிலை 95 அடி, பொருளுக்கும் இன்பத்துக்கும் சேர்த்து. கணபதி ஸ்தபதி இந்தக் கணக்கில்தான் கல்லை அடுக்கினார். 2000 ஜனவரி 1 அன்று திறந்தார்கள். பார்க்கிறவர் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார், கண் பீடத்தில் தொடங்கி மெதுவாக மேலே ஏறும் என்று நினைத்துச் செய்த வேலை அது.

இப்போது ட்ரோனை 120 மீட்டரில் நிறுத்திக் கீழே பாருங்கள். பீடத்தோடு சேர்த்தே சிலை 40 மீட்டர்தான். தலையும் தோளும் பீடத்தின் மேல்தளத்தோடு ஒட்டிக்கொள்ளும். 38 எது, 95 எது என்று யாருக்கும் தெரியாது. கடலுக்கு நடுவே வைத்த சதுரங்கக் காய் மாதிரி ஒரு படம் கிடைக்கும். அந்தப் படமும் இப்போது எல்லாரிடமும் இருக்கிறது.

நிற்பதைக் கீழிருந்து எடுக்க வேண்டும், படுத்துக் கிடப்பதை மேலிருந்து எடுக்க வேண்டும். என் கட்சி இதுதான்.

பிப்ரவரி 4

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் போகும் படகு வழக்கமாகக் காலை 8 மணிக்குத்தான் புறப்படும். அதனால் பாறையில் நின்று சூரியோதயம் எடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். காலையில் கரையிலிருந்து பார்த்தால் பாறைகள் எதிர்வெளிச்சத்தில் நிழலுருவாகத்தான் தெரியும். கல்லின் நிறமும் மடிப்பும் வேண்டுமென்றால் பிற்பகல்தான் சரி. வெளிச்சம் மேற்கிலிருந்து நேராக விழும். கடைசிப் படகு 4 மணி என்பதால் கரைக்கு வந்து நின்றுகொண்டே எடுக்கலாம். கடல் நீர்மட்டம் தாழ்ந்தாலும் காற்று கூடினாலும் படகை நிறுத்திவிடுவார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதற்கும் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு வருவது நல்லது.

பிப்ரவரி 8

"எங்கே நின்றால் சூரியன் சிலைக்குப் பின்னால் வரும்?" என்று கேட்டிருக்கிறார்கள். தரையில் நின்று எடுப்பதன் முழு ருசியும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் ஊர் பூமத்தியரேகைக்கு 8 டிகிரி வடக்கே இருக்கிறது. டிசம்பர் கடைசியில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து ஏறக்குறைய 24 டிகிரி தெற்கே எழும். ஜூன் கடைசியில் அதே அளவு வடக்கே எழும். ஆகவே மார்கழியில் கரையோரமாக வடக்கே, படகுத்துறைப் பக்கம் போக வேண்டும். ஆனி மாதத்தில் தெற்கே, முக்கடல் சங்கமம் பக்கம் வர வேண்டும். போன வருடப் படத்தைப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வேறு மாதத்தில் வந்து நிற்கிறவர்கள்தான் "சூரியன் தள்ளி வருது" என்று முணுமுணுக்கிறார்கள்.

அடுத்தது சூரியனின் அளவு. எவ்வளவு தூரத்தில் நிற்கிறோமோ, அதில் 108-ல் ஒரு பங்கு அகலத்துக்குச் சூரியன் தெரியும். சிலையிலிருந்து 500 மீட்டரில் நின்றால் சிலை இருக்கும் இடத்தில் சூரியனின் அகலம் 15 அடிதான். 133 அடிச் சிலைக்குப் பக்கத்தில் அது சின்னதுதான். எந்த லென்ஸைப் போட்டாலும் இந்த விகிதம் மாறாது, லென்ஸ் இரண்டையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். 2 கிலோமீட்டர் தள்ளிப் போனால் 60 அடிக்கு வரும். பிரம்மாண்டச் சூரியனுக்கு முன்னால் வள்ளுவர் நிற்கும் படத்தைப் பார்த்தால், எடுத்தவர் எவ்வளவு தூரத்தில் நின்றார் என்று இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். கரையில் நின்றே எடுத்ததாகச் சொன்னால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இங்கே சூரியன் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக ஏறும். 500 மீட்டரில் நிற்பவருக்கு அடிவானத்திலிருந்து வள்ளுவர் தலை உயரத்துக்கு அது வர 20 நிமிடத்துக்குப் பக்கம் ஆகும். கடலைத் தொட்டு எழும்போது எல்லாரும் கைதட்டிப் படமெடுத்துவிட்டுச் சுக்குக் காப்பிக்குப் போய்விடுவார்கள். தலைக்குப் பின்னால் சூரியன் வந்து நிற்கும் அந்த நேரத்தில் கரையில் நல்ல இடமெல்லாம் காலியாக இருக்கும்.

பிப்ரவரி 13

நேற்று தைப் பௌர்ணமி. சித்ரா பௌர்ணமியன்று மட்டும்தான் சூரியன் மறைவதையும் நிலா எழுவதையும் ஒன்றாகப் பார்க்கலாம் என்று இங்கே இருவர் எழுதியிருந்தார்கள். எல்லாப் பௌர்ணமியிலும் இது நடக்கும். முழுநிலா சூரியனுக்கு நேரெதிரே இருப்பதுதான் காரணம். நம் ஊரின் விசேஷம், இரண்டு பக்கமும் கடல் திறந்திருப்பதால் ஒரே இடத்தில் நின்று இரண்டையும் பார்க்கலாம் என்பது.

படமெடுக்கிறவருக்குச் சித்திரையைவிடத் தை மேல் என்பது என் எண்ணம். சித்திரையில் சூரியன் மேற்கிலிருந்து 18 டிகிரி வடக்கே சாய்ந்து, கரையோரத் தென்னைகளின் பக்கம் இறங்கும். தையில் தெற்கே சாய்ந்து சுத்தமாகக் கடலுக்குள் இறங்கும். நிலாவும் கடலிலிருந்தே எழும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானமும் கழுவிவிட்டது போலிருக்கும். நேற்று நான் தெற்கே நின்றேன். நிலா வெளிறிப்போய், வானத்து நீலத்தோடு நீலமாகத்தான் முதலில் வந்தது. விவேகானந்தர் மண்டபத்தில் விளக்குப் போட்ட பிறகு நிலாவும் கல்லும் ஒரே அளவு வெளிச்சத்துக்கு வந்தன. அந்தச் சில நிமிடத்தில் எடுத்தால்தான் இரண்டிலும் விவரம் நிற்கும். அதற்குப் பிறகு நிலா வெறும் வெள்ளை வட்டம்.

பிப்ரவரி 20

குளச்சல் தம்பி ட்ரோன் சட்டம் கேட்டிருக்கிறார். எல்லாருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள்தான் அடிப்படை. டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தில் நாட்டின் வரைபடத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். பச்சையில் 120 மீட்டர் வரை தனி அனுமதி இல்லாமல் பறக்கலாம். மஞ்சளில் கேட்டுத்தான் பறக்க வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் கூடாது. 250 கிராமுக்கு உட்பட்ட நானோ வகைக்கும், 2 கிலோ வரையுள்ள மைக்ரோ வகையைத் தொழிலுக்கு இல்லாமல் பறக்கவிடுவதற்கும் பைலட் சான்றிதழ் தேவையில்லை. கல்யாண ஆர்டருக்கு மைக்ரோ வகையை எடுத்துப் போனால் சான்றிதழ் வேண்டும். ட்ரோன் எப்போதும் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்க வேண்டும்.

வரைபடத்தைக் கிளம்பும் நாளன்று காலையில் பார்க்க வேண்டும். தற்காலிகத் தடை எப்போது வேண்டுமானாலும் வரும், பெரிய தலைவர்கள் வரும்போது கட்டாயம் வரும். வடகிழக்கே கூடங்குளம் அணுமின் நிலையம், ஆரல்வாய்மொழி தாண்டினால் மகேந்திரகிரியில் இஸ்ரோ. இரண்டும் நெல்லை மாவட்டத்து எல்லைக்குள் என்றாலும் நமக்கு அக்கம்பக்கம்தான். அந்தத் திசைக்கே போகாதீர்கள். பாறைகளுக்கு மேலும் கோயில்களுக்கு மேலும் பறக்கவிடுவதற்கு முன்னால் உள்ளூர் காவல் நிலையத்தில் நேரில் போய்க் கேட்டுவிடுவதுதான் மரியாதை. எப்போதும் கூட்டம் இருக்கும் இடம், இறக்கை ஒன்று உடைந்து விழுந்தால்கூடக் குழந்தை தலையில் விழும்.

மார்ச் 2

நண்பர் ஒருவரின் ட்ரோன் கடலுக்குள் போன கதை. அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

வள்ளத்தில் இருந்தபடி ஏவினார். பேட்டரி குறைந்ததும் ட்ரோன் தானாகத் திரும்பும் பொத்தானை அழுத்தினார். அது ஒழுங்காகத்தான் திரும்பியது, கிளம்பிய இடத்துக்கு. அதற்குள் வள்ளம் நீரோட்டத்தில் எங்கேயோ போயிருந்தது. வெறும் தண்ணீருக்கு மேலே வந்து நின்று, நிதானமாக இறங்கி, மூழ்கிவிட்டது. வள்ளக்காரர் சுக்கானைத் திருப்பிப் பாய்ந்தும் பலனில்லை. "மக்கா, வலை வீசுனா மீன் வரும், இது வராது" என்றாராம்.

படகிலிருந்து ஏவுவதாக இருந்தால் திரும்பும் புள்ளியை இடையிடையே மாற்றிக்கொண்டே இருங்கள். இன்னொன்று காற்று. கரையில் முடி அசையாமல் இருந்தாலும் 60 மீட்டருக்கு மேலே வேறு கதை. போகும்போது காற்றோடு போகும், திரும்பும்போது எதிர்த்து வர இரண்டு மடங்கு பேட்டரி தின்னும். முதலில் காற்றை எதிர்த்து அனுப்புங்கள்.

மார்ச் 9

"அப்படியானால் வானிலிருந்து எதைத்தான் எடுப்பது?" என்று மார்த்தாண்டத்துக்காரர் மறுபடியும் வந்திருக்கிறார். நிறைய இருக்கிறது.

விவேகானந்தர் பாறையையும் வள்ளுவரையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம். 2024 டிசம்பர் 30-ல் திறந்தது. 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். கரையிலிருந்து பார்த்தால் ஒரு வளைவுதான் தெரியும். மேலிருந்து பார்க்கும்போதுதான் இரண்டு பாறைகளுக்கும் இடையே இருந்த பிளவு எப்படிப்பட்டது, அலை எப்படி உள்ளே நுழைந்து வெளியேறுகிறது என்பதெல்லாம் புரியும். 1970-ல் ஏக்நாத் ரானடே பாடுபட்டுக் கட்டிய மண்டபமும் 30 ஆண்டு கழித்து வந்த சிலையும் கைகோத்த மாதிரி ஒரே படத்துக்குள் வருவது அங்கிருந்துதான்.

அப்புறம் மணக்குடிப் பொழி. பழையாறு கடலோடு சேரும் இடம். மழைக்குப் பிறகு ஆற்றின் செந்நிறமும் கடலின் பச்சையும் ஒரு கோட்டில் உரசிக்கொண்டு கிடக்கும். தரையில் நின்றால் அந்தக் கோடு தெரியாது. நாஞ்சில் நாட்டு வயல்களும் அப்படித்தான். நடவு முடிந்த வாரத்தில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிற்கும்போது மேலே போங்கள். மணவாளக்குறிச்சிக் கரையில் கருமணலும் செம்மணலும் அலை இழுத்த திசையில் வரிவரியாகக் கிடக்கும். உங்கள் ஊர் இரும்பு மேம்பாலத்தையே எடுங்களேன். கீழே நின்றால் தூணும் நெரிசலும்தான், மேலே போனால் ஊரை எப்படி வகுந்துகொண்டு போகிறது என்று தெரியும்.

மார்ச் 10

நேற்றைய பட்டியலில் குளங்களை வேண்டுமென்றேதான் விட்டேன். சுசீந்திரம், தேரூர் குளங்களும் வேம்பனூரும் 2022-ல் ராம்சார் ஈரநிலங்களாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களாக, அறிவிக்கப்பட்டவை. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வந்து இறங்கும் இடம். ட்ரோன் சத்தம் கேட்டால் மொத்தக் கூட்டமும் எழுந்து பறக்கும், திரும்ப இறங்கி இரை எடுக்க வெகுநேரம் ஆகும். பறவைகள் எழுந்து பறக்கும் படத்துக்காகவே இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கரையில் உட்காருங்கள். அதே குளத்தில் தாமரையும் பின்னால் மலையும் கேட்காமலே கிடைக்கும்.

மார்ச் 23

நாகர்கோவிலுக்கு ஸ்கைலைன் இல்லை என்ற பேச்சுக்கு இப்போதுதான் நேரம் கிடைத்தது.

கட்டடத்தைத் தேடுகிறவருக்கு இல்லைதான். ஆனால் இந்த ஊரின் வானக்கோட்டைக் கட்டடங்கள் வரைவதில்லை, மலை வரைகிறது. தாடகை மலையைப் பார்த்து வளராத பிள்ளை நாஞ்சில் நாட்டில் உண்டா? ஒரு பெண் மல்லாந்து படுத்திருக்கிற மாதிரி நெற்றி, மூக்கு, மார்பு என்று பூதப்பாண்டிப் பக்கமிருந்து தெளிவாகத் தெரியும். இடம் மாறினால் உருவம் கலைந்துபோகும். புத்தேரிக் குளத்துக் கரையில் விடியற்காலையில் நின்றால் மலைத்தொடர் தண்ணீரில் தலைகீழாக விழும். நீளமான லென்ஸ் இருந்தால் வீட்டு மாடி, தென்னந்தோப்பு, மலை மூன்றையும் நெருக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். அதுதான் எங்கள் ஸ்கைலைன்.

ஊருக்குள் மணிமேடை இருக்கிறது. 1893-ல் ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா காலத்தில் திறந்த மணிக்கூண்டு. பகலில் கம்பிகளும் பிளக்ஸ் பலகைகளும் அதை விழுங்கிவிடும். மாலை 7 மணிக்கு மேல் முக்காலியில் (ட்ரைபாட்) கேமராவை வைத்து, ஷட்டரை 10 விநாடிக்குத் திறந்து வையுங்கள். பேருந்து விளக்குகள் கோடாக ஓடும், கம்பிகள் இருட்டில் கரைந்துவிடும், கூண்டு மட்டும் நிற்கும். போக்குவரத்துக் காவலர்களுக்கு முக்காலி பிடிக்காது, கடைத் திண்ணை ஒன்றில் அனுமதி கேட்டுக்கொண்டு நில்லுங்கள்.

சுசீந்திரம் கோபுரம் 134 அடி, ஏழு நிலை. கிழக்கு பார்த்தது என்பதால் காலை வெயில் நேராக முகத்தில் விழும். வெண்மையாக இருப்பதால் வெயில் ஏறினால் சுதைகளெல்லாம் வெளுத்துத் தட்டையாகிவிடும். 7 மணிக்குள் முடித்துவிடுங்கள். கோயிலுக்குள் கேமரா கூடாது, அதைப் பற்றி விவாதம் வேண்டாம்.

ஏப்ரல் 11

இன்று நடுப்பகலில் நம் ஊரில் நிழல் இல்லை. ஏப்ரல் 10, 11 தேதிகளிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் சூரியன் குமரிக்கு நேர் உச்சியில் வரும். கடிகாரத்தில் அது 12 மணி அல்ல, 12.20-ஐ ஒட்டி. இந்திய நேரத்தை நமக்குக் கிழக்கே உள்ள தீர்க்கரேகைக்கு வைத்திருப்பதால் வரும் வித்தியாசம்.

உச்சி வெயிலில் படமெடுக்காதே என்பார்கள். கடலடியை மேலிருந்து எடுக்கும் வான்படத்துக்கு மட்டும் உச்சியை ஒட்டிய வெயில் பொருந்தும். கடலில் வெயில் ஆழமாக இறங்கும். ஆனால் சூரியன் நேர் உச்சியில் இருக்கும்போது செங்குத்தாகப் பார்த்தால் அதன் பளபளப்பே கண்ணில் அடிக்கும், கேமராவைக் கொஞ்சம் சாய்த்தால்தான் அடியில் கிடக்கும் பாறைகள் தெரியும். இன்று நான் ட்ரோன் எடுக்கவில்லை. படகுத்துறை விளக்குக் கம்பத்தின் நிழல் அதன் காலடியிலேயே சுருண்டு கிடந்ததை மட்டும் எடுத்தேன். ஒரு சின்னப் பையன் தன் நிழலைத் தேடிச் சுற்றிச் சுற்றி வந்ததையும்.

சூரியனை வைத்துக் கட்டடம் கட்டுவது நம் ஊருக்குப் புதிதில்லை. காந்தி மண்டபத்தை, அக்டோபர் 2 நடுப்பகல் கதிர் அஸ்திக் கலசம் வைத்திருந்த இடத்தில் விழும்படி கட்டியிருக்கிறார்கள். 1948 பிப்ரவரி 12-ல் அஸ்தி இங்கே கரைக்கப்பட்டது, மண்டபம் 1956-ல் எழுந்தது. அந்தக் கதிரைப் படமெடுக்கப் போகிறவர்கள் சீக்கிரம் போய் வரிசையில் நிற்க வேண்டும். பிளாஷ் போட்டால் கதிர் காணாமல் போய்விடும்.

மே 13

சித்ரா பௌர்ணமிக் கூட்டம் சொல்லி முடியாது. அடிவானத்தில் மேகம் தடித்து நின்றதால் நிலா கடலைத் தொட்டு வருவது தெரியவில்லை, கொஞ்சம் மேலே வந்துதான் முகம் காட்டியது. நிலா தென்கிழக்கில் வந்ததால் வடக்கே, படகுத்துறைக்கும் அந்தப் பக்கம் நின்றவர்களுக்குத்தான் சிலையோடு சேர்ந்து கிடைத்தது. பிப்ரவரி 8-ல் எழுதியது நிலாவுக்கும் பொருந்தும்.

தை பெரிதா சித்திரை பெரிதா என்ற சண்டையில் ஒன்று சேர்க்கிறேன். படத்துக்குத் தை. ஆனால் சித்திரையின் ஜனக்கூட்டத்தை விட்டுவிட மனசு வராது. அலங்கார உபகார மாதா கோயில் கோபுரம் பின்னால் வெள்ளையாக நிற்க, முன்னால் ஆயிரக்கணக்கான தலைகள் ஒரே திசையில் திரும்பியிருந்தன. நான் நிலாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதைத்தான் எடுத்தேன்.

ஜூன் 15

கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, தொடங்கிவிட்டது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழையும் காற்றுதான் முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. செப்டம்பர் வரை அந்தப் பக்கம் ட்ரோனைத் தூக்காதீர்கள். தரையில் நின்று ஷட்டரை 1/15 விநாடிக்கு வைத்து எடுங்கள், இறக்கை சுழல்வது தெரியும். 1/1000-ல் எடுத்தால் எல்லாக் காற்றாலையும் பழுதாகி நிற்கிற மாதிரி இருக்கும்.

உப்பைப் பற்றி. இந்தக் காற்றில் அரைமணி நேரத்தில் லென்ஸ் முகப்பில் மெல்லிய படலம் ஏறிவிடும். உலர்ந்த துணியால் துடைத்தால் உப்புக்கல் கண்ணாடியைக் கீறும். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்த துணி, அப்புறம்தான் உலர்ந்தது. முக்காலியை வீட்டுக்கு வந்ததும் கால்களைப் பிரித்து நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஏசி அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்கு வந்தால் லென்ஸில் வேர்க்கும். விடியற்காலையில் கிளம்புவதற்கு முன்னாலேயே பையைத் திறந்து வராந்தாவில் வைத்துவிடுங்கள்.

ஜூலை 6

மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போய்வந்ததிலிருந்து முதல் நாள் எழுதியதில் ஒரு கிளை சேர்க்கத் தோன்றுகிறது. நிற்பது கீழிருந்து, கிடப்பது மேலிருந்து என்றேன். இந்தப் பாலம் இரண்டுமே. பறளியாற்றுக்கு மேலே, ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்குத் தண்ணீரைக் கொண்டுபோக 1966-ல் கட்டி முடித்தது. 28 தூண்கள், உயரம் 115 அடி. படிக்கட்டில் ஆற்றுக்கு இறங்கித் தூணடியில் நின்றால் உயரம் வரும், நீளம் போய்விடும். மேலே போனால் நீளம் வரும், உயரம் போய்விடும்.

இங்கே ட்ரோனை மேலே அனுப்பாமல் பாலத்துக்குப் பக்கவாட்டில் தள்ளி, 30 மீட்டர் உயரத்தில் நிறுத்தி நேருக்கு நேர் பார்க்க வேண்டும். கேமராவைக் கொஞ்சமும் குனிய விடாதீர்கள், குனிந்தால் தூண்கள் சாய்ந்துவிடும். ஆறு, தூண், தொட்டி, மேலே நடக்கும் ஆட்கள் என எல்லாம் அதனதன் அளவில் வரும். வள்ளுவரையும் அனுமதி வாங்கி இப்படி முகத்தின் உயரத்தில் நின்று எடுத்தால், வலக்கையின் மூன்று விரல்கள் கடலுக்கு எதிரே தெளிவாக விழும். 120 மீட்டர் அனுமதி இருக்கிறது என்பதற்காக 120-க்கும் போக வேண்டியதில்லை.

மார்த்தாண்டத்து நண்பர் ட்ரோன் வாங்கிவிட்டதாக இன்று செய்தி அனுப்பியிருக்கிறார். மாத்தூரில் முதலில் பழகுங்கள், கடலுக்குப் பிறகு வரலாம். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பாலத்தில் நடக்க இடமிருக்காது. காலை 8 மணிக்குள் போனால் மேற்குப் பக்கத் தூண்களின் நிழல் ரப்பர் தோட்டத்தின் மேல் நீளமாக விழுந்திருக்கும்.